எல்லைக்குள் ஒன்பது துண்டுகள்

அந்த அறையில் அன்று இருந்தவர்கள்: ஒரு படி உயர்த்திப் போட்ட மேசைக்குப் பின்னால் மரண விசாரணை அதிகாரி, அறுபதை நெருங்கும் வெள்ளைக்கார அம்மா, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், அவருக்குக் கீழே சின்ன மேசையில் அவருடைய அலுவலர் கெவின், சளி பிடித்தவர், முன் வரிசையில் துஷாந்தி, குடும்பத்துக்காகப் பேச வந்த சட்டத்தரணி, அவளுக்கு இடப்பக்கம் மொழிபெயர்க்க வந்த பார்கவி, திருச்சிக்காரி, பின்னால் தனியாக நிரோசா, வருகிற ஆவணியில் சேந்தனுக்குக் கலியாண நாள் வைத்திருந்த பிள்ளை, கதவோரம் பெயர் தெரியாத ஒரு கிழவி, அடுத்த விசாரணைக்கு வந்தவர், வெளியே குளிர் என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார், பிறகு வல்லிபுரம், சேந்தனின் தகப்பன், வயது எழுபத்து மூன்று. ஏழு பேர். வல்லிபுரத்தின் கோட்டு இடது பையில், மூடியுள்ள ஒரு எவர்சில்வர் பேணிக்குள் சேந்தன். அவனை எட்டாவது ஆளாக எண்ணலாமா கூடாதா என்பதைத்தான் அந்த அம்மா இன்றைக்குச் சொல்லப்போகிறார்.

பேணியைக் கொண்டுவர வேண்டாம் என்று துஷாந்தி சொல்லியிருந்தாள். படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன் அங்கிள், அது போதும், கோர்ட்டில் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். அவர் தலையாட்டினார், காலையில் தோட்டத்துக் கொட்டிலுக்குப் போய் எடுத்து வந்தார். வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் நாலு மாதமாக அது கொட்டிலில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு மேல் தட்டில் இருக்கிறது. மனைவி தையல்நாயகி தினமும் தேத்தண்ணியோடு போய் அங்கே நின்றுவிட்டு வருவாள், குளித்துவிட்டுத்தான் குசினிக்குள் நுழைவாள், குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் குளித்து அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அதனால்தான் அவள் வரவில்லை. முழங்காலும் ஒரு காரணம். இல்லை, இரண்டுமே காரணமில்லை. அந்த வெள்ளைக்காரி ‘இல்லை’ என்று சொல்லும்போது நான் அங்கை இருக்கக்கூடாது என்றாள். சொல்லுவா என்று ஏன் நினைக்கிறீர் என்று அவர் கேட்கவில்லை. சுவரோரம் வெப்பக்குழாய் டொக் டொக்கென்று தட்டியது. அவருக்கு வலது காலில் உணர்ச்சி இல்லை, காலையில் பஸ்ஸில் இருந்தே இல்லை, செருப்புக்குள் இருப்பது வேறு யாருடையதோ கால் மாதிரி இருந்தது. கெவின் மூக்கை உறிஞ்சினார். துஷாந்தி எழுந்து பேசத் தொடங்கினாள், பார்கவி அவர் காதருகே சாய்ந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள், அவளுடைய தமிழ் பத்திரிகையில் வருகிற தமிழாக இருந்தது. "சடலம் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி என்கிறார், ஐயா." சடலம். அவருக்கு அந்தச் சொல்லில் ஒட்டு ஏதும் இல்லை. யாருடைய சடலம் என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

கேள்வி அவருக்கு ஏற்கெனவே தெரியும், முதல் நாளே துஷாந்தி தன் அலுவலகத்தில் வைத்து விளங்கப்படுத்தியிருந்தாள். இந்தக் கோர்ட் எதைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டும் தெரியுமா அங்கிள்? செத்த ஊரைப் பார்க்காது. பாஸ்போர்ட்டைப் பார்க்காது. உடம்பைப் பார்க்கும். உலகத்தில் எங்கே செத்தாலும், உடம்பு இங்கே வந்து இவர்களுடைய பகுதிக்குள் கிடந்தால், என்ன காரணத்தால் செத்தார் என்று தெரியாவிட்டால், இவர்கள் கேட்டே ஆகவேண்டும். கேட்காமல் விட முடியாது, சட்டம் அப்படி. அவர் உடனே பக்கத்துத் தெருத் துரைராசாவை நினைத்தார். துரைராசாவின் தம்பி துபாயில் கட்டடத்திலிருந்து விழுந்து செத்தவன். பெட்டியில் வந்தான். அந்தப் பெட்டி இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள குளிர் அறையில் இருந்தது, இதே அம்மாவோ வேறு அம்மாவோ விசாரித்தார், துபாய்க்குக் கடிதம் போனது, கயிறு பழசு என்று ஒருவன் பதில் எழுதினான். துரைராசா அந்தப் பதிலை எல்லோருக்கும் காட்டினார். கயிறு பழசாம் அண்ணை, கயிறுதானாம். ஒரு மாதிரி நிம்மதியோடு காட்டினார். அப்போது வல்லிபுரத்துக்கு அது விளங்கவில்லை. அப்போது அவருக்குத் துரைராசாவின் மேல் ஒரு சின்ன எரிச்சல் இருந்தது, ஏனென்றால் பெட்டி வந்து பதினொரு நாளாக எரிக்க விடவில்லை, எட்டுச் சடங்கு செய்ய நாள் குறித்துத் தரச்சொல்லி அவரிடம்தான் கேட்டார்கள், அவர் கலண்டரைப் பார்த்துப் பார்த்து மூன்று முறை மாற்றிக் கொடுத்தார். செத்ததுகளைப் பிடித்து வைத்திருக்கிறதுதான் இந்த நாட்டில் எனக்குப் பிடிக்காத ஒன்று என்று கோயில் மண்டபத்தில் சொன்னார். நாலைந்து பேர் ஓமெண்டார்கள். அவர் அதிகம் கதைக்காத மனிதர், அவர் ஒன்று சொன்னால் கேட்பார்கள்.

இந்த வட்டாரத்தில் நாள் பார்க்க அவரிடம்தான் கேட்பார்கள். ஐயரைக் கேட்டால் காசு, இவரிடம் கேட்டால் ஒரு போன். வீடு குடிபோக, பிள்ளைக்கு முடி இறக்க, செத்த வீட்டில் பிரேதம் எடுக்க. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் மூட்டை எண்ணுகிற வேலை பார்த்தவர், பத்தாம் வகுப்போடு நின்றவர், ஆனால் பஞ்சாங்கத்தில் பிழை விடமாட்டார். கேட்கிறவருடைய அழுகையைக் கேட்காமல் கேள்வியை மட்டும் கேட்பார், அதுதான் அவருடைய முறை. அழுகையைக் கேட்டால் நேரம் பிழைத்துவிடும். குசினியில் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நாள் கலண்டர் தொங்குகிறது. நாலு மாதத்துக்கு முன் ஒரு காலை வியாழக்கிழமையைக் கிழித்துக் கையில் வைத்திருந்தபோது போன் அடித்தது. வளசரவாக்கத்தில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பி சிவசோதி. "அண்ணை, இருந்துகொண்டு கேளுங்கோ." அவர் இருக்கவில்லை. சேந்தன் சென்னையில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும், வேலை விஷயமாகப் பர்மிங்ஹாம் என்று சொல்லிவிட்டுப் போனவன். தலைக்கு முடி வைக்கப் போயிருக்கிறான். இருபத்தைந்து வயதிலேயே கொட்டிவிட்டது, தொப்பி இல்லாமல் படம் எடுக்க விடமாட்டான். முளைத்து வளரப் பத்து மாதம் ஆகும் என்று கணக்குப் பார்த்து, ஆவணிக்கு முன் பத்து மாதம் எண்ணி, ஐப்பசியில் போயிருக்கிறான். தகப்பனைப்போலவே நாள் எண்ணியிருக்கிறான். தாய்க்குத் தெரிந்திருந்தது. மயக்க ஊசி போட்டார்களாம், எழும்பவில்லையாம், மாரடைப்பு என்று கடுதாசி தந்துவிட்டார்களாம், கடுதாசி கேட்கிறதுக்கு முதலே தந்துவிட்டார்களாம். "அண்ணை, ரெண்டு வழி இருக்கு. லண்டனுக்கு அனுப்பிறதெண்டா பத்து நாள் ஆகும், அறுத்துப் பாப்பினம், மருந்து ஏத்துவினம். இல்லையெண்டா இஞ்சையே. நீங்கள்தான் சொல்லோணும்." அவர் கலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அங்கே திறந்திருந்தது. யாரோ ஒரு வீட்டுக்குச் சொல்வதுபோல, எத்தனையோ வீடுகளுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார். "வெட்ட வேண்டாம். நாளைக்குச் சனி. இண்டைக்கு மூண்டு மணிக்கு எமகண்டம் துவங்குது, அதுக்கு முதல் எடுத்துப்போடுங்கோ." சிவசோதி சரி அண்ணை என்றான். போனை வைத்த பிறகும் கையில் வியாழக்கிழமை இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து மடித்து நகம் அளவுக்கு ஆக்கினார். அதன் பிறகு தையல்நாயகி மாடியிலிருந்து இறங்கி வந்து ஆரப்பா போனிலை என்றாள்.

"ஐயா, கவனிக்கிறீர்களா?" என்றாள் பார்கவி. ஓமம்மா என்றார். துஷாந்தி சொல்லிக்கொண்டிருந்தாள், சட்டத்தில் உடல் என்றுதான் இருக்கிறது, எவ்வளவு உடல் என்று இல்லை. தீ விபத்தில் ஒரு எலும்பு மட்டும் கிடைத்தாலும் அதை உடல் என்று எடுத்து விசாரித்திருக்கிறார்கள். இங்கே ஒன்பது துண்டு எலும்பு இருக்கிறது, இந்தப் பகுதிக்குள், ஒரு வீட்டின் கொட்டிலில். ஒன்பது என்று அவள் சொன்னபோது அவர் கை பைக்குள் போய்ப் பேணியைத் தொட்டது. சில்லென்று இருந்தது. விசா கிடைத்து அவர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாம் நாள், மின்மயானத்தில் ஒரு மண்சட்டியில் துணி கட்டிக் கொடுத்தார்கள். பெசன்ட் நகர்க் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்று சட்டியைக் கவிழ்க்கும்போது தாயொருத்தி அங்கே இருக்கிறாளே என்று ஞாபகம் வந்து, கையை விட்டு அள்ளினார். கைக்கு வந்தது ஒன்பது. தெரிந்தெடுக்கவில்லை. ஒன்று நீளம், நடுவிரல் அளவு, மெல்லிசு, ஒரு பக்கம் சாம்பல் மற்றப் பக்கம் நீலம். அதைப் பேணிக்குள் சாய்வாகத்தான் வைக்கலாம். நேராக நிற்க விட்டால் மூடி தட்டும். மற்ற எட்டும் சிறிசு. பல் ஏதும் இல்லை. கதவோரக் கிழவி ஒரு மிட்டாயின் கடதாசியைப் பிரிக்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது, மெல்லப் பிரித்தால் சத்தம் குறையும் என்று நினைத்து நீட்டிக்கொண்டே போகிறார், நீட்ட நீட்டச் சத்தமும் நீளுகிறது. எதிர்ப்பக்கத்து நாற்காலிகள் வெறுமை. முடி வைக்கிற இடத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் போகவில்லையா என்று அவர் ஒரு நாள் கேட்டார். போனாலும் வர வேண்டியதில்லை அங்கிள், இந்தக் கோர்ட்டின் ஆணை டோவரோடு நின்றுவிடும் என்றாள் துஷாந்தி. டோவர் கடல் அவருக்குத் தெரியும், கோயில் பஸ்ஸில் ஒருமுறை போயிருக்கிறார்கள், சேந்தனுக்கு ஒன்பதோ பத்தோ வயது, தலை நிறைய முடி, காற்றில் எல்லாம் ஒரு பக்கமாக.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ கேட்டார். பார்கவி சொன்னாள், "எவ்வளவு நேரத்துக்குள் தகனம் நடந்தது, யார் முடிவு செய்தது என்று கேட்கிறார்." அவர் வாயைத் திறந்தார். அதற்குள் துஷாந்தி எழுந்து, இறந்த அன்றே மாண்புமிகு அம்மையீர், அது இவர்களுடைய சமூக வழக்கம் என்றாள். வழக்கம். அவர் வாயை மூடிக்கொண்டார். நிரோசாவின் நாற்காலி பின்னால் கிறீச்சிட்டது. வழக்கத்துக்கு ஒரு குரல் இருக்கிறது, ஒரு போன் நம்பர் இருக்கிறது, அது குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். இதைத் தையல்நாயகியிடமும் சொல்லவில்லை, சிவசோதி அவசரப்பட்டுவிட்டான் என்று அவள் நாலு மாதமாக அவனைத் திட்டுகிறாள், நல்லவன், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. இப்போது எழுந்து நான்தான் என்றால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. சட்டத்துக்கு யார் சொன்னது என்பது பெரிதில்லை. உடம்பு இருக்கிறதா இல்லையா. வலது கால் இன்னும் வேறு யாருடையதோதான். குனிந்து அதைத் தடவினார், துணியைத் தடவுவதுபோல இருந்தது. "தந்தையார் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்கிறார், ஐயா," என்றாள் பார்கவி, பிறகு தன் பாட்டுக்கு மெல்ல, "பயப்படாதீங்க, உங்க பேச்சிலேயே சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்."

எழுந்து நின்றார். இரண்டு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வசனங்கள் இருந்தன, வணக்கத்துக்குரிய என்று தொடங்குகிறது ஒன்று. அவை எங்கேயோ போய்விட்டன. கையைப் பைக்குள் விட்டுப் பேணியை எடுத்து முன் மேசையில் வைத்தார். துஷாந்தி அங்கிள் என்று மூச்சுக்குள் சொன்னாள். "அவன்ரை பக்கத்திலை ஆர் நிண்டது எண்டு மட்டும் கேளுங்கோ," என்றார். "தாய் அதைத்தான் கேக்கிறா. தண்டனை ஒண்டும் வேண்டாம். கண் மூடேக்கை ஒரு ஆள் பக்கத்திலை நிண்டதோ, இல்லாட்டித் தனியவோ." பார்கவி அதை ஆங்கிலத்தில் சொன்னாள், அவர் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது. அந்த அம்மா பேனையை வைத்தார். கெவினைப் பார்த்தார், கெவின் பாதி எழுந்தார், இருங்கள் என்று கையால் காட்டிவிட்டு அவரே படியிறங்கி வந்தார். மேசைக்குப் பின்னால் இருக்கும்போது தெரியவில்லை, கிட்ட வந்தால் குள்ளம். திறக்கலாமா என்று வல்லிபுரத்தைத்தான் கேட்டார், பார்கவியை அல்ல. அவர் தலையாட்டினார். அந்த அம்மா இரண்டு கையாலும் மூடியைத் திருகினார். உள்ளே பார்த்தார். தொடவில்லை, தன் பக்கம் கொஞ்சம் சரித்து, வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அழுகை ஏதும் இல்லை, ஒரு டாக்டர் பார்ப்பதுபோல, சந்தையில் நல்ல மனிதர் ஒருவர் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பார்க்கவாவது பார்த்தார் என்று வல்லிபுரத்துக்குத் தோன்றியது, நாலு மாதத்தில் அவர்களுடைய வீட்டுக்கு வெளியே ஒரு ஆள் பார்க்கிறார். சரித்ததில் நீளமானது நிமிர்ந்து நின்றது. வல்லிபுரம் அதைக் கண்டார். சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது, அம்மா கொஞ்சம் சாய்வாக வையுங்கோ. அந்த அம்மா மூடியை வைத்து, கவனமாக, மரியாதையாக, நன்றாக இறுக வேண்டும் என்று அழுத்தித் திருகினார். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. விரல் சொடுக்குவதைவிடச் சின்னச் சத்தம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நன்றி என்று சொல்லிவிட்டு அவர் படியேறிப் போனார்.

தீர்ப்பைப் பார்கவி துண்டு துண்டாகச் சொன்னாள், அவர் துண்டு துண்டாகக் கேட்டார். வருத்தப்படுகிறார். மிகவும் வருந்துகிறார். ஆனால் முறைப்படி தகனம் நடந்து முடிந்த பிறகு எஞ்சுவதைச் சட்டம் உடல் என்று சொல்வதில்லை. அது அஸ்தி. அஸ்தி இந்த எல்லைக்குள் இருப்பதால் இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் வராது. தீ விபத்து வழக்குகள் வேறு, அங்கே மரணமே இங்கே நடந்தது. கேட்க வேண்டிய நீதிமன்றம் அந்த நாட்டில் இருக்கிறது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த அம்மா மெல்ல ஒன்றைச் சொன்னார், அது தீர்ப்பில் சேராது என்று சொல்லிவிட்டுச் சொன்னார், பார்கவி அதை நேராகவே சொல்லிவிட்டாள்: உங்கள் மகன் முழுதாக வந்து ஒரே ஒரு நாள் என் எல்லைக்குள் கிடந்திருந்தால், மறுநாளே நீங்கள் தகனம் செய்திருந்தாலும், நான் கேட்டிருப்பேன். அங்கிருந்து யாரையும் இழுத்து வர என்னால் முடியாது. ஆனால் கடிதம் எழுதியிருப்பேன். பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்டிருப்பேன். ஒரு நாள். ஹீத்ரோவில் இறங்கி, கறுப்பு வண்டியில் வந்து, பின்னால் உள்ள குளிர் அறையில், துரைராசாவின் தம்பி கிடந்த தட்டிலோ அடுத்த தட்டிலோ. சனிக்கிழமையாக இருந்தாலும் கிடந்திருப்பான். எமகண்டத்திலும் கிடந்திருப்பான். பத்து நாளும் வேண்டாம், ஒரு நாள். அவர் அந்த ஒரு நாளை எங்கே வைப்பது என்று தேடினார், வெள்ளிக்கும் சனிக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார், இடம் இருந்தது, நிறைய இடம் இருந்தது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள் என்று பார்கவி முழங்கையைத் தொட்டாள். எழுந்தார். கிழவி மட்டும் எழவில்லை. தன் ஆளுடைய பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்.

வாசலில் துஷாந்தி மேல் நீதிமன்றம் என்று ஏதோ சொன்னாள், பிறகு தானே, அங்கேயும் இதைத்தான் சொல்வார்கள் அங்கிள் என்றாள். அவளுக்கு அடுத்த வழக்கு இருந்தது. பார்கவி கும்பிட்டுவிட்டுப் போனாள். பஸ் நிறுத்தத்து வாங்கில் அவர் உட்கார்ந்ததும் நிரோசா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், கொஞ்சம் இடம் விட்டு. இரண்டு பஸ் போனது. "மாமா," என்றாள், "முடி வைக்கச் சொல்லி நான் ஒருக்காலும் கேக்கேல்லை." தெரியும் பிள்ளை என்றார். "மொட்டைத்தலையோடை தான் நல்லாயிருக்கு எண்டு சொன்னனான். பகிடி பண்ணுறன் எண்டு நினைச்சிட்டார்." பிறகு, ரோட்டைப் பார்த்தபடி, "ஆர் மாமா அங்கை உடனை எரிக்கச் சொன்னது?" பஸ் ஒன்று வந்து நின்று கதவைத் திறந்து மூடிக்கொண்டு போனது. "நான்தான்," என்றார். சொன்ன குரல் அதே குரல்தான், நேரம் சொல்கிற குரல். அவள் எழுந்து போகவில்லை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

போன் அடித்தது. தையல்நாயகி. "என்ன சொல்லிச்சினம்?" இல்லையாம் என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல். "கேட்டனீங்களே, ஆர் நிண்டதெண்டு?" கேட்டனான் என்றார். அவ கேட்டிருப்பாவாம், அவன் ஒரு நாள் இஞ்சை கிடந்திருந்தால் கேட்டிருப்பாவாம். "அந்தச் சிவசோதி," என்று அவள் தொடங்கினாள். "இஞ்சேரும். சிவசோதி இல்லை," என்றார். "வீட்டை வந்து சொல்லுறன்." அவளுடைய இருமல் நின்றுவிட்டது. பிறகு, வேறு ஒரு குரலில், "பிள்ளையைத் திருப்பித் தந்தவையே? எல்லாம் இருக்கோ? எண்ணிப்போட்டுச் சொல்லுங்கோ." போனை நிரோசாவிடம் கொடுத்தார், அவள் அதைக் காதில் வைக்காமல் உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தாள். மூடி இறுக்கமாக இருந்தது, அந்த அம்மா நன்றாகவே திருகியிருந்தார், இரண்டு முறை வழுக்கி மூன்றாம் முறை திறந்தது. கைலேஞ்சியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சிறிசுகள் எட்டு. பிறகு நீளமானது, நீலப் பக்கம். பிறகு நீளமானது, சாம்பல் பக்கம். உடைந்த இடம் உள்ளே வெள்ளையாக, புதிதாக இருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்தார், பொருந்தியது, விட்டதும் பிரிந்தது. மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணினார். "சொல்லுங்கோவன்," என்றது போன், "ஒன்பதெல்லே?"

"பத்து," என்றார்.